மறுமொழி: ஸ்ட்ராப்புக்கு (strop, சவரக்கத்தியை இழுத்து வாயைச் சரிபண்ற தோல் வார்) ‘நீவல்வார்’ சரியா வருமா?

> கல்லு, தோல் ரெண்டுக்குமே தீட்டுதல்னு சொன்னா போதுமே, எதுக்கு புதுசா ஒரு சொல்?

போதாதுங்க. பழைய சவரக்கத்தி ஒண்ணு கைக்கு வந்த புதுசுல நானும் அப்படித்தான் நினைச்சேன், கல்லுல மாதிரியே கத்தி வாயை (வெட்டுற விளிம்பை) முன்னால விட்டு தோல்லயும் ஒரு இழுப்பு இழுத்தேன், வார் குறுக்கால கீறிப்போச்சு. கல்லுல வாய் முன்னால போகும், தோல்ல முதுகு முன்னால போகும், திசையே தலைகீழ். வேலையும் வேற. 1000 கிரிட் கல்லுல (எண் ஏற ஏற கல்லு நைசாகும்) வாய்ச் சரிவுக்குப் பட்டை போட்டு 4000, 8000னு ஏறி 12000ல முடிக்கிற வரைக்கும் இரும்பு தேயுது. வெறும் தோல்ல தேய்மானம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல, வாயோட நுனி நேராகி வழவழன்னு ஆகுது, அவ்வளவுதான். கல்லு எப்பவாவது, தோல் ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னாடி.

அதனால என் கணக்கு இப்படி: சக்கரத்துல சாணை பிடிக்கிறது (பக்கங்கள் உள்வாங்கின பழைய குழிவுக் கத்தியை அங்க கொடுத்துடாதீங்க, சூடேறினா பதம் போயிடும்), கல்லுல தீட்டுறது, தோல்ல நீவுறது. குழந்தை தலையை நீவுற மாதிரின்னு சொன்னாலே அழுத்தக்கூடாதுன்னு கைக்குப் புரிஞ்சிடும், அழுத்தினா தோல் அமுங்கி வாய் மழுங்கும்.

> அப்போ அந்த வாருக்கு பேரு?

முதல்ல நீவுவார்னு தான் எழுதினேன், படிச்சா யாரோ பெரியவர் வந்து நீவுவார்ங்கிற மாதிரி இருக்கு :) நீவுபட்டை நல்லாதான் இருக்கு, ஆனா பட்டையை நான் விட்டுத்தர மாட்டேன், வைரத்துக்கு பட்டை தீட்டுறோம்ல, கத்தி வாய்க்கு ரெண்டு பக்கமும் கல்லு உண்டாக்குற சரிவுக்கு, அதான் பெவலுக்கு, அதைவிட பொருத்தமான சொல் ஏது? நீவுதோல்னா வாரோட இன்னொரு பக்கமா வர்ற துணியை என்ன பண்றது. ஸ்ட்ராப்னே எழுதிட்டு போலாம்னா பையில இருக்குற ஸ்ட்ராப்பும் இதுவும் நம்ம எழுத்துல ஒண்ணா தான் வரும். கடைசில நீவல்வார்ல வந்து நின்னேன், ஒரு ல் சேர்ந்ததும் அந்தப் பெரியவர் போயிட்டார்.

ஒரு இடம் மட்டும் இடிக்குது. குரோமியம் ஆக்சைடு பேஸ்ட் தடவின வார் கொஞ்சம் இரும்பைத் தேய்க்கத்தான் செய்யுது, அது நீவலா தீட்டலா? என் ஓட்டு தீட்டலுக்கு. மாற்றுக் கருத்து இருந்தா போடுங்க, அதுக்கப்புறம் கலைச்சொல் பட்டியல்ல சேர்க்கிறேன்.