அடிசன் நோய்: மாத்திரை எளிது, மனிதர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம்

அடிசன் என்றால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி, உடம்பு நோயையும் களைப்பையும் தாங்க வேண்டிய கார்ட்டிசோல் மாதிரி ஹார்மோன்களைப் போதுமான அளவு சுரக்காமல் போவது. எனக்கு அது என்று கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். "ஏன்டி இப்படிக் கருத்துப்போயிட்ட, வெயில்ல அலையறியா?" என்பார் அத்தை. வெயிலே படாத ஈறும் உள்ளங்கை ரேகையும் கருத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதலில் பார்த்த மருத்துவர் சத்துக்குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். எடை குறைந்துகொண்டே போனது, படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டும், உப்பு மட்டும் அப்படி இழுக்கும், நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்த பிறகு ஜாடியின் அடியில் நிற்கும் உப்பு நீரையும் விடமாட்டேன்.

ஹார்மோன் மருத்துவர்தான் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார், படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார், காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்ட்டிசோல் அளவு பார்க்க எழுதினார். அப்புறம் அட்ரினலைச் சுரக்கத் தூண்டும் ஊசி போட்டு, அது சுரக்கிறதா என்று இடைவெளி விட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஏசிடிஎச் பரிசோதனை. அதோடு முடிவாகிவிட்டது.

இப்போது கார்ட்டிசோலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் காலை 10, மதியம் 5, சாயங்காலம் 5 மில்லிகிராம், கூடவே உடம்பில் உப்பைத் தக்கவைக்க ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். அதைச் சொன்னதும் "ஐயோ, ஸ்டீராய்டா! கொஞ்சம் கொஞ்சமா விட்டுடும்மா" என்று ஆரம்பிப்பார்கள். உடம்பு தானே சுரக்க வேண்டியதை நான் மாத்திரையாகப் போட்டுக்கொள்கிறேன், இன்சுலின் போடும் மாமாவிடம் நிறுத்தச் சொல்வீர்களா என்று கேட்டால்தான் வாய் மூடும். (அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடிக்கும் இதே நோய்தான் என்று ஒருமுறை சொன்னேன், "அதான் சுட்டுட்டாங்களே" என்றார் அத்தை.)

காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொல்லியிருக்கிறபடி டோஸை இரட்டிப்பாக்குவேன். வாந்திதான் ஆபத்து, மாத்திரை உள்ளே தங்காது. போன வருஷம் அப்படித்தான், விடாமல் வாந்தி, அவசரப் பிரிவுக்குப் போனால் பணியில் இருந்தவர் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சலைன் மட்டும் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட்டார், பிரஷர் 80-ஐத் தாண்டவில்லை. என் ஹார்மோன் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தை என் கணவர் எடுத்து நீட்டி, "ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் இப்பவே போடுங்க, ரிப்போர்ட் அப்புறம் வரட்டும்" என்று அங்கேயே நின்றார். போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டேன். அந்தக் கடிதத்தின் நகல் இப்போது என் பர்ஸிலும் அவர் பர்ஸிலும் இருக்கிறது.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன், அடிசன் வந்த என் அப்பா கதை வேறு மாதிரி. அவருக்குக் காசநோய் அட்ரினலைத் தாக்கியிருந்தது, ஸ்கேனில் இரண்டு பக்கமும் வீங்கித் தெரிந்தது. நம் நாட்டில் இதுவும் ஒரு முக்கியக் காரணம், கேட்டுப் பாருங்கள். டிபி மருந்து ஆரம்பித்ததும் தேறுவார் என்று பார்த்தால் முன்னைவிடத் துவண்டுபோனார். டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சேர்ந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனைக் கல்லீரல் சீக்கிரமே கரைத்துத் தள்ளிவிடுமாம், அதனால் மருத்துவர் டோஸைக் கூட்டினார், அதன் பிறகுதான் வாசல் வரை நடந்தார். டிபி குணமாகிவிட்டது, அட்ரினல் திரும்பவில்லை, மாத்திரை நிற்காது.

*

எனக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் உண்டு, எங்கள் ஊர்க் கடைகளில் எப்போதும் இருக்காது, சொல்லிவைத்துத்தான் வாங்குகிறேன். அட்டை பாதி தீர்ந்ததுமே சொல்லிவிடுங்கள், தீபாவளி, பொங்கல் லீவு வந்தால் இன்னும் முன்னாடியே.