குழந்தை படுக்கும் அறையில் இரவு மட்டும் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) ஏறுகிறது: பியூரிஃபையர் வாங்கலாமா?

மாடிவீடு23:
பெரம்பூர், மெயின் ரோட்டை ஒட்டிய முதல் மாடி. 4 வயதுப் பையனுக்கு இரவில் இருமல், வீசிங். அறை 10க்கு 12 அடி, உயரம் 9 அடி. மீட்டர் பகலில் 40 காட்டுகிறது, இரவு 9க்கு மேல் 200ஐத் தாண்டுகிறது. ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டு, கொசுவத்தி கொளுத்திப் படுக்கிறோம். ஏசி ஃபில்டர் போதாதா? ஒரு ஆப் 'திருப்தி' என்கிறது, இன்னொன்றில் சிவப்பு. எதை நம்புவது?

காற்றளவி:
விடை உங்க கேள்வியிலேயே இருக்கு சார், கொசுவத்திதான். ஒரு சுருள் எரிந்து முடிய 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வரும் என 2003இல் ஓர் ஆய்வு அளந்தது. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடும். அதன் வலையில் பஞ்சும் தூசியும் நிற்கும். முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும் துகள் நிற்காது.

மூணு ராத்திரி வத்தி இல்லாமல் கொசுவலை கட்டி அளந்து பாருங்க. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் லேசர் மீட்டர் நீர்த்துளியையும் துகளாக எண்ணிக் கூட்டிக் காட்டும். இட்லிப் பானை ஆவியும் அப்படித்தான்.

ஆப் இரண்டும் பொய் சொல்லவில்லை. கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் காற்றுத்தரக் குறியீட்டில் 100, அமெரிக்கக் குறியீட்டில் 150க்கு மேல். 24 மணிநேரச் சராசரிக்கு நம் வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. நிறத்தை விடுங்க, மைக்ரோகிராமைப் பாருங்க.

குழந்தைநலம்:
சின்னப் பிள்ளைகள் உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். மூச்சுக்குழாயும் குறுகல், லேசாக வீங்கினாலே விசில் சத்தம் வரும். நீண்டகாலக் கேடு வேறு. கலிஃபோர்னியாவில் 10 வயதிலிருந்து 18 வரை தொடர்ந்து அளந்த ஆய்வில் (2004), நுண்துகள் மிகுந்த ஊர்களில் 7.9 சதவீதம் பேருக்கு நுரையீரல் திறன் இருக்கவேண்டியதில் 80 சதவீதத்துக்கும் கீழே. குறைந்த ஊர்களில் அது 1.6தான். பிறகு அங்கே காற்று சுத்தமானதும், அடுத்து வந்த பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்தது.

டாக்டர் தந்த இன்ஹேலரை, மீட்டர் குறைந்துவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சு இழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ, பேசத் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

மாடிவீடு23:
வத்திக்குப் பதில் லிக்விட் மிஷின்? கைக்குழந்தைக்குக் குளித்ததும் அம்மா சாம்பிராணி போடுகிறார்கள், அது?

குழந்தைநலம்:
லிக்விடில் புகை இல்லை, பூச்சிமருந்து உண்டு. வீசிங் உள்ள பிள்ளைக்கு வலையே மேல். சாம்பிராணியும் புகைதான், தலையைத் துண்டால் துவட்டினால் போதும் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஃபில்டர்கடை:
வத்தியை நிறுத்திய பிறகும் ரோட்டுப் புகை இருந்தால் வாங்குங்க. 10×12×9 என்றால் 1080 கன அடி, சுமார் 30 கன மீட்டர். மணிக்கு 5 தடவை சுற்ற 150 கன மீட்டர் வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் சிஏடிஆர் (மணிக்கு எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்யும் என்ற அளவு) முழு வேகத்துக்கானது. அந்த இரைச்சலில் யாரும் தூங்க முடியாது. அதனால் 250 முதல் 300 வரை எடுத்து, நடு வேகத்தில் ஓட்டுங்க. நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வேண்டும், வெறும் கார்பன் ஃபில்டர் வாசனையைத்தான் பிடிக்கும். ஓசோன் விடும் அயனைசர் வேண்டவே வேண்டாம். சுவரோடு ஒட்டி வைக்காதீங்க. போகி விடியலில் ஜன்னலைச் சாத்தி மிஷினை ஓட்டுங்க, வெயில் ஏறியதும் திறங்க.

மெஷின் ஓடியும் ரீடிங் இறங்கவில்லையா? ஃபில்டரைக் கழற்றிப் பாருங்க, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே மாட்டியிருப்பார்கள். நிறைய வீட்டில் இதுதான்.