மறு: ‘ரிச்’ கலவைக்குத் தமிழ்ச்சொல்: ‘கொழுங்கலவை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழில் எழுதிவரும், பழைய கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கருவி) எஞ்சின்களுக்கான பழுதறி கையேடு ‘ரிச்’ என்ற ஒரு சொல்லில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது. காற்றின் அளவோடு ஒப்பிட்டால் பெட்ரோல் மிகுந்திருக்கும் கலவையைத்தான் ‘ரிச்’ என்கிறோம். இதுவரை வந்த முன்மொழிவுகள் ‘வளக்கலவை’, ‘செறிகலவை’, ‘மிகையெரிபொருள் கலவை’. மூன்றுமே எனக்கு உடன்பாடில்லை.

> ‘வளம்’ என்பது நேரான பொருள். அகராதியிலும் இருக்கிறது.

இருக்கலாம். ஆனால் ‘உங்கள் வண்டியின் கலவை வளமாக இருக்கிறது’ என்று படிப்பவர் மகிழ்ந்துபோய்க் கையேட்டை மூடிவிடுவார். புகைபோக்கியில் கரும்புகை தள்ளுகிறது, பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. இதற்குப் பெயர் வளமா?

> ‘செறிகலவை’ வேதியியலில் புழங்கும் ‘செறிவு’ என்பதோடு ஒத்துப்போகும்.

அங்கேதான் சிக்கல். மலையேறும்போது காற்றின் செறிவு குறைகிறது. ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளை) வழியே வரும் பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. எனவே கலவை ‘ரிச்’ ஆகிறது. இதை உங்கள் சொல்லால் எழுதினால் ‘காற்றின் செறிவு குறைவதால் கலவை செறிகிறது’ என்று வரும். படிப்பவர் மூன்று முறை திரும்பப் படிப்பார். நான்காம் முறை நம்மைத் திட்டுவார்.

> ‘மிகையெரிபொருள் கலவை’ என்றால் யாருக்கும் புரியும். பெட்ரோல் அதிகம், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை, ஐயா. ‘ரிச்’ என்பது ஒரு விகிதத்தின் பெயர். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அதிகபட்ச ஆற்றலுக்கு 12.5 அல்லது 13 பங்குக்கு இறக்குவார்கள்; அதற்கும் கீழே வெகுதூரம் போனால் கரி. இந்த விகிதம் பெட்ரோல் கூடினாலும் கெடும், காற்று குறைந்தாலும் கெடும். காற்று வடிகட்டி தூசி அடைத்துக் கிடக்கலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு பாதி மூடியபடி சிக்கியிருக்கலாம். ஜெட்டுக்குக் காற்றைக் கலந்துவிடும் சிறு துளை அடைபட்டிருக்கலாம். ‘மிகையெரிபொருள்’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் நேரே ஜெட்டைக் கழற்றப் போய்விடுவார். வடிகட்டி நினைவுக்கே வராது. பழுதறி கையேட்டில் சொல் நிலையைத்தான் குறிக்க வேண்டும். காரணத்தை அதுவே தீர்மானித்துவிடக் கூடாது.

என் பரிந்துரை: கொழுங்கலவை. எதிர்ப்பதம்: மெலிகலவை. ஒன்று பண்புத்தொகை, மற்றொன்று வினைத்தொகை என்று இலக்கண அன்பர்கள் கடிந்துகொள்ளக்கூடும். நாவில் எளிதாக வருகிறது, எனக்கு அது போதும்.

நான் இதைத் தேர்ந்தெடுக்க முதன்மைக் காரணம், இது வினையாகவும் நடக்கும் என்பது. கையேட்டில் பெயர்ச்சொல்லைவிட வினைதான் அதிகம் வரும். ‘எரிபொருள் திருகைத் தளர்த்தினால் கலவை கொழுக்கும், இறுக்கினால் மெலியும்.’ ‘மிதவைத் தொட்டியில் பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் கலவை கொழுத்துவிடும்.’ இதே வரிகளை ‘மிகையெரிபொருள் கலவையாக மாறும்’ என்று எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

> ‘கொழுப்பு’ என்று படித்துச் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும், சொல் மனத்தில் ஒட்டும். அளவுக்கு மீறித் தின்று செரிக்காமல் மந்தமாகக் கிடக்கும் உடம்பின் நிலைதான் இந்த எஞ்சினுடையதும். பொருத்தமாகவே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பட்டறையில் ‘ஓவர்ஃப்ளோ’ என்பதையும் ‘ரிச்’ என்பதையும் கலந்து பேசுவது உண்டு. நாம் கலக்க வேண்டாம். மிதவை உயரும்போது பெட்ரோல் வரத்தை அடைக்க வேண்டிய ஊசி வால்வில் தூசி சிக்கி, மிதவைத் தொட்டி நிரம்பி, பெட்ரோல் வெளியே ஒழுகுவது ‘வழிதல்’. அதற்குத் தனிப் பதிவு இருக்கட்டும். வழிதல் கலவையைக் கொழுக்கச் செய்யும். ஆனால் கொழுத்த கலவை எல்லாம் வழிதலால் வந்ததல்ல.

சொல் தாங்குகிறதா என்று பார்க்க ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

‘எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு நிறுத்தி, சற்று ஆறவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நடுமுனையைச் சுற்றியுள்ள வெண்பீங்கான் இளம்பழுப்பு நிறத்தில் இருந்தால் கலவை சரி. வெளிறிப்போயிருந்தால் மெலிகலவை என்று ஐயப்படலாம். விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும், மை போன்ற உலர்ந்த கரி படிந்திருந்தால் கொழுங்கலவை. கரி ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் அது எஞ்சின் எண்ணெயாக இருக்கக்கூடும். அது வேறு பழுது. தீப்பொறி வலுவிழந்தாலும் உலர்கரி படியும். எனவே கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் புதிய பிளக் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் நன்றாக ஓடி, சூடேறியதும் திணறினால் கலவை கொழுத்திருக்க வாய்ப்பு அதிகம். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டுச் சற்று ஓட்டும்போது ஓட்டம் சீரானால் கலவை கொழுத்திருந்தது உறுதி. அப்போது முதலில் வடிகட்டியையும் சோக்கையும் பாருங்கள். பிறகு மிதவை: காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே சளசளவென்று கேட்கிறதா? உள்ளீடற்ற பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. கனத்த மிதவை தாழ்ந்து மிதக்கும், வால்வு நேரத்தில் மூடாது, தொட்டியின் மட்டம் உயரும், கலவை கொழுக்கும்.’

எங்கும் இடறவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இடறியவர்கள் இடத்தைச் சுட்டுங்கள்.

இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று: ‘மிக்ஸ்சர் ஸ்க்ரூ’. இதை ‘கலவைத் திருகு’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். இது வாசகரைக் குழியில் தள்ளும் சொல். சில கார்புரேட்டர்களில் இந்தத் திருகு காற்றைக் கட்டுப்படுத்துகிறது. அதைத் தளர்த்தினால் கலவை மெலியும். வேறு சிலவற்றில் எரிபொருளைக் கட்டுப்படுத்துகிறது. அதைத் தளர்த்தினால் கொழுக்கும். ஒரே பெயர், நேரெதிர் விளைவு. ‘காற்றுத் திருகு’, ‘எரிபொருள் திருகு’ என்று பிரித்தே எழுதுவோம். மோட்டார் சைக்கிள்களில் பொதுவாக, வடிகட்டிப் பக்கம் இருப்பது காற்றுத் திருகு, எஞ்சின் பக்கம் இருப்பது எரிபொருள் திருகு. எதுவானாலும் அதன் ஆட்சி ஐடிலிலும் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோதுள்ள ஓட்டம்) அதை ஒட்டிய சிறு த்ராட்டில் திறப்பிலும்தான். முழுத் திறப்பில் கரும்புகை கக்கும் வண்டிக்கு இந்தத் திருகை நாள் முழுக்கத் திருப்பினாலும் பயனில்லை, மெயின் ஜெட்டைப் பார்க்க வேண்டும். இந்த வரி கையேட்டில் தடித்த எழுத்தில் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

‘சோக்’ என்பதை அப்படியே விட்டுவிடலாம். ‘மூச்சடைப்பான்’ என்ற முன்மொழிவு அழகுதான். ஆனால் பல மோட்டார் சைக்கிள்களில் ‘சோக்’ என்று அழைக்கப்படுவது காற்றை அடைப்பதே இல்லை, தனி வழியாகக் கூடுதல் பெட்ரோல் விடுகிறது. அங்கே ‘மூச்சடைப்பான்’ பொய்யாகிவிடும்.

‘கொழுங்கலவை’, ‘மெலிகலவை’, ‘வழிதல்’ மூன்றையும் சொற்பட்டியலில் சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள். அந்த மாற்றுச்சொல் மேலே உள்ள பத்தியில் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பினால் நல்லது.

அடுத்து ‘நீடில்’. மிதவைத் தொட்டியில் ஒன்று, த்ராட்டிலோடு ஏறி இறங்குவது ஒன்று. நம் வரைவில் இரண்டும் ‘ஊசி’ என்றே இருக்கின்றன. ‘மிதவை ஊசி’, ‘ஜெட் ஊசி’ என்று பிரிக்கலாமா?