ராஜாஜி – பெரியார் நாடகம்: இரண்டு காட்சிகளுக்கு உதவி வேண்டும்

வணக்கம். ராஜாஜி, பெரியார் நட்பையும் மோதலையும் வைத்து ஒரு மணி நேர மேடை நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மோதல் சுலபமாக வந்துவிட்டது. ராஜாஜி கொண்டுவந்து பெரியார் எதிர்த்த 1953 கல்வித் திட்டம் ஒன்றே போதும், வசனம் தானாகக் கொட்டுகிறது. நட்புதான் படுத்துகிறது. 1949இல் திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் இருவரும் தனியாகச் சந்தித்தார்களே, அங்கே என்ன பேச வைப்பது? இப்போதைக்கு வசனமே இல்லாமல், வெளியே காத்திருக்கும் போர்ட்டரின் பார்வையில் எழுதியிருக்கிறேன். சரி வருமா? அப்புறம், 1972 டிசம்பரில் ராஜாஜியின் இறுதிச் சடங்கில் பெரியார் சக்கர நாற்காலியில் அமர்ந்து அழுத காட்சி. நடிகர் விசும்பினால் மிகையாகத் தெரிகிறது. ஒத்திகையில் ஒருவர் சிரித்தே விட்டார். அன்றைய நாளிதழ்ச் செய்தி, படம், நேரில் பார்த்தவர்களின் நினைவு எது இருந்தாலும் பகிருங்கள். ஈரோட்டுப் பேச்சு வழக்கைத் திருத்தித் தரவும் ஒருவர் வேண்டும்.