மண்ணில் தங்கும் களைக்கொல்லி: நீங்கள் கண்டதை எழுதுங்கள்

மக்காச்சோளத்துக்கு அட்ரசின் களைக்கொல்லி அடித்த நிலத்தில் அடுத்த போகம் பீன்ஸ் போட்டவர்கள் எழுதுங்கள். நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரே சமயத்தில் மருந்து அடித்த இரண்டு வயல்கள். ஒன்றுக்கு வருஷா வருஷம் தொழுவுரம் போகும், ஈரமும் நிற்கும். மற்றது மேட்டு நிலம். எரு கண்டது குறைவு, மழையும் பொய்த்திருந்தது. இரண்டிலும் மண் எடுத்துத் தொட்டியில் நிரப்பி பீன்ஸ் விதைத்தேன். முளைப்பு ஒன்றுபோலத்தான் வந்தது. விதையிலையில் சத்து இருக்கும்வரை செடி தாங்கும். அப்புறம் மேட்டு மண் செடிகளில் கீழிலைகளின் ஓரம் மஞ்சளாகி, காய்ந்து, தொட்டால் காகிதம் போல நொறுங்கியது. அட்ரசின் ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் மருந்து, அதனால் பாதிப்பு இலையில்தான் தெரியும். எரு மண் செடிகளுக்கு ஒரு வாட்டமும் இல்லை.

எரு மண்ணில் மருந்தைச் சிதைத்தவை நுண்ணுயிர்கள்தான் என்று நம்புகிறேன். அட்ரசினைத் தின்னும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்றை, மருந்து சிந்திக் கிடந்த மண்ணிலிருந்து மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 1990களில் பிரித்தெடுத்தார்கள். அதன் முதல் நொதி அட்ரசினில் உள்ள குளோரினைக் கழற்றுகிறது. அந்த ஒரு வெட்டிலேயே களையைக் கொல்லும் குணம் போய்விடும். பிறகு அட்ரசின் மூலக்கூறின் பக்கச் சங்கிலிகள் கழலும், கடைசியில் நடு வளையம் உடையும். மிஞ்சுவது அம்மோனியாவும் கரியமில வாயுவும். அந்த பாக்டீரியாவுக்கு வேண்டியது தழைச்சத்து (நைட்ரஜன்). யூரியாவைக் கொட்டிவைத்தால் அட்ரசினைத் தேடிப் போகும் அவசரம் குறைந்துவிடும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை!

பதில்:
எங்களுக்கு 2,4-டி என்ற களைக்கொல்லியில் அனுபவம். அடிக்கடி அடித்த நிலத்தில் அது சீக்கிரம் மறைந்துவிடுகிறது. 1949லேயே ஆடஸ் என்ற விஞ்ஞானி இதைக் காட்டியிருக்கிறார்: முதல் முறை 2,4-டி கரைசல் விட்டபோது கொஞ்ச காலம் அப்படியே கிடந்தது, பிறகுதான் குறைந்தது. அதே மண்ணில் மறுபடி விட்டபோது அந்தத் தாமதம் இல்லை. தின்னத் தெரிந்த பாக்டீரியாக்கள் அதற்குள் பெருகிவிடுகின்றன. 2,4-டியைச் சிதைக்கும் மரபணுக்கள் சில பாக்டீரியாக்களில் பிளாஸ்மிடில் (தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில்) இருப்பதால் பக்கத்து பாக்டீரியாவுக்கும் தாவும். நிலத்துக்கு நல்லது. ஆனால் மண்ணில் தங்கிக் களையைத் தடுக்க வேண்டிய மருந்துகளுக்கும் இப்படி ஆகும்போது, களை முன்னதாகவே தலைதூக்கும்.

பதில்:
எல்லாவற்றையும் மண் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து வாங்கிய மாட்டெருவைப் போட்ட பாத்தியில் எங்கள் தக்காளியின் குருத்து சுருண்டு, இலைகள் குறுகி முறுக்கிக்கொண்டன. அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி அடித்த புல்லைத் தின்ற மாட்டின் எரு அது. அந்த மருந்து மாட்டின் வயிற்றில் சிதையாது. தண்டுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளோடு ஒட்டிக்கொள்வதால் எருக்குவியலிலும் தப்பிவிடும். லிக்னின் மக்க மக்கத்தான் வெளியே வரும்.

மீதி எருவைப் புல்தரையில் பரப்பிவிட்டோம். புல்லை இது பாதிக்காது, ஈரமண்ணில் நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைக்கும். அந்தப் புல்லை அறுத்து காய்கறிப் பாத்திக்கு மூடாக்காகப் போட்டுவிடாதீர்கள். இப்போதெல்லாம் புது எரு வந்தால் தொட்டியில் பீன்ஸ் விதைத்துப் பார்த்த பிறகே பாத்திக்கு எடுக்கிறோம்.