கடல் நீரின் பிஎச் 8.2-லிருந்து 8.1: கையடக்க மீட்டரில் பிடிபடுமா?

நெய்தல்:
தொழிற்புரட்சிக்கு முன்னாடி கடல் மேற்பரப்போட சராசரி பிஎச் (அமில-கார அளவு; 7-க்குக் கீழ அமிலம், மேல காரம்) 8.2-க்குப் பக்கம், இப்போ 8.1-க்குப் பக்கம்னு சொல்றாங்க. வெறும் 0.1-க்கா இவ்வளவு பேச்சு? 4, 7, 10 பஃபர் (பிஎச் மாறாம நிக்கிற கரைசல்) மூணுலயும் மீட்டரைச் சரிபார்த்துட்டு கரையோரத் தண்ணியில விட்டா விடியக்காலைல 8.0, மதியத்துக்கு மேல 8.3 காட்டுது. கோளாறு மீட்டர்லயா, முறையிலயா?

உப்புக்காற்று:
அந்த ஏற்ற இறக்கம் உண்மையானதுதான். பகலில் பாசியும் கடற்புல்லும் ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிஎச் ஏறும். இரவில் எல்லா உயிர்களின் சுவாசமும் அதை இறக்கிவிடும். ஆழமில்லாத இடத்தில் ஒரே நாளில் 0.3 சாதாரணம். ஹவாய்க்கு வடக்கே அலோஹா நடுக்கடல் நிலையத்தில் 1988 முதல் அளந்து வரும் வரிசையில் தெரியும் சரிவு ஆண்டுக்கு 0.002-க்கும் சற்றுக் குறைவு. உங்கள் ஒரு நாள் ஊசலாட்டம் அங்கே நூற்றைம்பது ஆண்டுச் சரிவுக்குச் சமம். கரையில் ஒரு நாள் அளந்து காலநிலை பற்றி எதுவும் சொல்ல முடியாது.

0.1 சிறிதாகத் தெரிவது மடக்கை அளவுகோலால்: பிஎச் ஒன்று இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகும். 8.2 என்றால் ஹைட்ரஜன் அயனி கிலோவுக்கு 6.3 நானோமோல், 8.1 என்றால் 7.9. கால் பங்கு கூடிவிட்டது. (கடல் இன்னும் காரம்தான். சிப்பி ஓட்டை வினிகரில் போட்டுக் காட்டும் செய்முறையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். வினிகரின் பிஎச் 3-க்கும் கீழே.)

முறையிலும் கோளாறு இருக்கிறது. 4, 7, 10 பஃபர்கள் உப்புக் குறைந்தவை. அவற்றிலிருந்து மின்முனையைக் கடல் நீருக்கு மாற்றினால் சந்திப்பு மின்னழுத்தம் (மின்முனையின் உள்கரைசலும் வெளி நீரும் தொடும் இடத்தில் எழுவது) மாறி, எண் 0.1 அளவுக்கு விலகும். தேடுகிற மாற்றமே அவ்வளவுதான். உப்புத்தன்மை 35 கொண்ட செயற்கைக் கடல் நீரில் கலந்த டிரிஸ் பஃபர் வாங்குங்கள், 25 டிகிரியில் 8.094. அளக்கும் முன் மின்முனை அரை மணி நேரமாவது கடல் நீரில் ஊறட்டும். இல்லாவிட்டால் எண் நிலைக்காமல் ஓடும்.

வெப்பநிலை இன்னொரு பொறி. ஒரு டிகிரி கூடினால் நீரின் பிஎச் சுமார் 0.015 இறங்கும். மீட்டரின் தானியங்கித் திருத்தம் மின்முனையின் சரிவை (பிஎச் ஒன்று மாறினால் அது காட்டும் மின்னழுத்த மாற்றத்தை) மட்டும் திருத்தும், நீரின் வேதியியலை அல்ல. அதனால் பஃபர், மாதிரி இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும்.

துருவன்:
மாதிரி எடுப்பதில்தான் பாதி வேலை கெடும். 250 மி.லி. போரோசிலிக்கேட் புட்டியின் அடிவரை குழாயை விட்டு, குமிழி வராமல் நிரப்பி, இன்னொரு புட்டி அளவு வழிய விடுங்கள். வாளியில் மொண்டு ஊற்றினால் வாயு மாறிப்போகும். உடனே அளக்க முடியாவிட்டால், நுண்ணுயிர்கள் பிஎச்சை மாற்றாமலிருக்க நிறைவுற்ற மெர்க்குரிக் குளோரைடு 50 மைக்ரோலிட்டர் சேர்த்து மூடவேண்டும். கொடிய நச்சு, சாக்கடையில் கொட்டக் கூடாது.

இத்தனை செய்தாலும் மின்முனையில் 0.02-க்கும் கீழே நம்பிக்கையாகப் போவது கடினம். நீண்ட கால வரிசைக்கு பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் மெட்டா கிரெசால் பர்ப்பிள் சாயம்: 434, 578 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலின் விகிதம் பார்க்க வேண்டும், மாதிரி இருக்கும் கலத்தின் வெப்பநிலை 25 டிகிரியில் மாறாமல் நிற்க வேண்டும். சுத்திகரிக்காத சாயம் தானே பிழை தரும்.

நெய்தல்:
தெளிவாச்சு. இன்னொண்ணு. கரியமில வாயு கூடினா கார்பனேட்டும் கூடணுமே, குறையுதுன்னு ஏன் சொல்றாங்க?

துருவன்:
பலரும் இடறும் இடம் அது. காற்றிலிருந்து உள்ளே வரும் கரியமில வாயு நீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அது இருக்கிற கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட் ஆக்கிவிடுகிறது. ஓடு கட்டத் தேவைப்படுவதோ கார்பனேட். அரகோனைட் (ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம்) நீரில் எவ்வளவு நிறைவுற்றிருக்கிறது என்று காட்டும் செறிவு விகிதம் 1-க்குக் கீழே போனால்தான் ஓடு கரையும், ஆனால் சிப்பிக் குஞ்சுகள் அதற்கு முன்பே தடுமாறும். முதல் ஓட்டை இரண்டே நாளில், முட்டையில் இருந்த சத்தை மட்டும் வைத்துக் கட்ட வேண்டியிருப்பதால், கூடுதல் செலவைத் தாங்காது. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் 2007 வாக்கில் குஞ்சு பொரிப்பகங்களில் சிப்பிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தது, கரியமில வாயு மிகுந்த அடியாழத்து நீர் மேலேறி வந்த நாட்களில். அங்கே பிறகு சோடியம் கார்பனேட் கலந்தார்கள். தொட்டியை நிரப்பும் நேரத்தையும் பிற்பகலுக்கு மாற்றினார்கள். உங்கள் மீட்டர் 8.3 காட்டும் அதே நேரம்.