மர உத்திரத்தின் 'முறுக்கு விறைப்பு': மூன்று அளவுக்கு மூன்று சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

முறுக்கப்படும் மர உத்திரம் காட்டும் எதிர்ப்புக்கு 'முறுக்கு வலிமை' என்பதைக் கலைச்சொல்லாக வைக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. எந்தச் சுமையில் மரம் பிளக்கும் என்பதற்குத்தான் வலிமை என்கிறோம். இந்த எதிர்ப்பை அளக்கும் சோதனையோ அதற்கு வெகு முன்னமே, சுமையை எடுத்தால் மரம் பழைய வடிவுக்கே திரும்பும் மீட்சி எல்லைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அளப்பது திரும்பும் கோணத்தை. ஆகவே 'விறைப்பு' என்பதே சரி. ஒரு பொருள் சறுக்குத் திரிபை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் குறிக்கும் 'விறைப்புக் குணகம்' (shear modulus) பாடநூல்களில் ஏற்கெனவே வேரூன்றிய சொல்லும்கூட.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சோதனையைப் பாருங்கள். ஒரு முனையை இறுகப் பிடித்து மறுமுனையைத் திருப்புகிறார்கள். பிடியில் மரம் சற்று நசுங்கும். அதுவும் திருப்பமாகக் கணக்கில் ஏறிவிடக் கூடாது. அதனால் பிடிகளை விட்டுத் தள்ளி, நடுப்பகுதியில் இரண்டு இடங்களில் சாய்வுமானி பொருத்தி, இரண்டுக்கும் உள்ள கோண வேறுபாட்டை மட்டும் எடுப்பார்கள். இ.என். 408 என்ற ஐரோப்பியத் தரநிலையில் இந்த முறை உண்டு.

இதில் மூன்று அளவுகள் கிடைக்கின்றன. திருப்புவிசையைக் கோணத்தால் வகுத்தால் வருவது அந்த உத்திரத்துக்கே உரியது. நீளம் இரட்டித்தால் பாதியாகும். இதற்கு 'முறுக்கு விறைப்பு'. அதை நீளத்தால் பெருக்கினால் குறுக்குவெட்டுக்கு உரியது. இதற்கு 'அலகுநீள முறுக்கு விறைப்பு' என்கிறேன். அதையும் முறுக்கு மாறிலியால் (குறுக்குவெட்டின் வடிவையும் அளவையும் மட்டும் பொறுத்த எண்) வகுத்தால் பொருளுக்கு உரிய விறைப்புக் குணகம்.

எண்ணில் பார்த்தால் தெளிவாகும். ஐரோப்பிய சி24 வலிமை வகுப்பு மரத்துக்குச் சராசரி விறைப்புக் குணகம் 690 நியூட்டன்/மி.மீ², நார் நெடுக்கில் நீட்சியை எதிர்ப்பதைக் காட்டும் யங் குணகமோ 11,000. எஃகில் யங் குணகம் விறைப்புக் குணகத்தைப்போல் சுமார் 2.6 மடங்குதான், மரத்தில் 16 மடங்கு! முறுக்கலில் மரம் அவ்வளவு இளகியது. 50×100 மி.மீ. உத்திரத்தின் 1 மீட்டர் நீளத்தில் 50 நியூட்டன்-மீட்டர் கொடுத்தால் ஏறத்தாழ 1.45 பாகை திரும்பும். வட்டத் தண்டுக்கான வாய்பாட்டை இங்கே போட்டால் விறைப்பு 1.8 மடங்காகத் தவறிப்போகும். செவ்வக வெட்டுமுகம் முறுக்கும்போது தட்டையாக நிற்பதில்லை. இந்தக் கணக்கைத் தீர்த்துவைத்தவர் 1850களில் பிரான்சின் பொறியியல் அறிஞர் சான் வெனான். மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இப்படிப்பட்ட பிழை எந்தப் படியில் நுழைந்தது என்றே மாணவருக்குத் தெரியாது.

இன்னொன்று. மரத்தின் குணகம் நாரின் போக்கைப் பொறுத்து மாறும். நெடுக்கில் முறுக்கிப் பெறும் எண், ஆரத் தளம் (தண்டின் மையத்திலிருந்து வெளிநோக்கியது), வளையத் தளம் (ஆண்டு வளையத்தை ஒட்டியது) இரண்டின் கலவை. ஆகவே சோதனை முடிவைப் பதியும்போது 'நார்நெடுக்கு விறைப்புக் குணகம்' என்று அடைமொழி சேர்ப்பது நல்லது.

'முறுக்கம்' என்று மட்டும் எழுத வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். பலகை காயும்போது தானே கோணிக்கொள்வதையும் முறுக்கிக்கொண்டது என்றுதான் சொல்கிறோம். சுமையால் வருவதை 'முறுக்கல்' என்று பிரித்துவைக்கலாம்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக 'அலகுநீள' என்ற அடைமொழியைவிடச் சுருக்கமானது யாருக்காவது தோன்றினால்.